வண்டியைத் தூக்கியாச்சு... அப்புறம்?

ஏல நாளன்று பொழுது நன்றாக விடிவதற்குள் ஆயுதப்படை மைதானத்தில் கூட்டம் சேர்ந்துவிடும். முன்பணம் கட்டி டோக்கன் வாங்கியவர்கள் உள்ளே போவார்கள். வரிசையாக நிறுத்திய பைக்குகள், ஸ்கூட்டர்கள், ஒன்றிரண்டு ஆட்டோக்கள், டயர் தரையோடு ஒட்டிப்போன ஒரு வேன். ஒவ்வொன்றின் மேலும் பெயின்ட்டால் எழுதிய எண். காயலான் கடைக்காரர்களும் உதிரிபாக வியாபாரிகளும் குனிந்து இன்ஜினை மட்டும் பார்ப்பார்கள். வண்டி ஓடுமா என்று யாரும் கேட்பதில்லை. பிரித்தால் என்ன தேறும் என்பதுதான் பேச்சு. ஏலம் முடிந்ததும் மினி லாரியில் ஏற்றுவார்கள். சென்னை என்றால் புதுப்பேட்டை, மற்ற ஊர்களில் அந்தந்த ஊர்க் காயலான் கடை. ஏற்றப்படும் பைக் ஒன்றின் மட்கார்டில் குலதெய்வத்தின் பெயர் இருக்கும். இன்னொன்றில், நம்பர் பிளேட்டுக்கு மேலே ஒரு குழந்தையின் பெயர்.

நாளிதழில் வந்த ஏல அறிவிப்பு இவற்றை 'உரிமை கோரப்படாத வாகனங்கள்' என்று சொல்லியிருக்கும். மாதாமாதம் தவணை கட்டி வாங்கி, ஆயுத பூஜைக்குக் கழுவிச் சந்தனம் வைத்த வண்டியை யார் உரிமை கோராமல் விட்டார்கள்? அது அந்த மைதானத்தில் நிற்பது அவர்களுக்குத் தெரியுமா? யாராவது சொன்னார்களா?

சம்பந்தப்பட்ட சட்டங்களை வரிசையாக வைத்துப் படித்தால் ஒன்று பளிச்சென்று தெரிகிறது. தெருவில் நிற்கும் வண்டியை எடுக்க மணிக்கணக்கில் கெடு இருக்கிறது. எடுத்த வண்டியை என்ன செய்வது என்று முடிவெடுக்கவும் நாள்கணக்கில் கெடு இருக்கிறது. முதல் கெடு தேவைப்படும்போதாவது நடைமுறைக்கு வருகிறது. இரண்டாவது பெரும்பாலும் காகிதத்திலேயே நின்றுவிடுகிறது. அந்த இடைவெளியில்தான் ஒரு குடும்பத்தின் சொத்து வெயிலிலும் மழையிலும் கரைகிறது.

பத்து மணி நேரக் கணக்கு

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 127-வது பிரிவுதான் அடிப்படை. நெடுஞ்சாலையிலோ பொது இடத்திலோ ஒரு வாகனம் பத்து மணி நேரத்துக்கு மேல் நின்றாலும், நிறுத்தக் கூடாத இடத்தில் நின்றாலும், அதை இழுத்துச் செல்லவோ சக்கரத்தில் பூட்டுப் போடவோ உத்தரவிடலாம். கைவிடப்பட்ட, எரிந்த, நொறுங்கிய, பாதி பிரித்த வண்டி போக்குவரத்துக்கு ஆபத்தாக நின்றால் பத்து மணி நேரம்கூடக் காத்திருக்க வேண்டியதில்லை. உடனே அகற்றலாம். இழுத்துச் சென்ற செலவு உரிமையாளர் தலையில்.

இந்தச் சட்டத்தில் 'கைவிடப்பட்ட வாகனம்' என்று எதைச் சொல்வது என்பதற்கு நாள்கணக்கு எதுவும் இல்லை. பத்து மணி நேரம் என்பதை எழுத்துக்கு எழுத்து பிடித்தால், வீட்டில் இடமில்லாமல் ராத்திரி முழுக்கத் தெருவில் கார் நிறுத்துகிற ஆயிரக்கணக்கானவர்கள் காலையில் வண்டியைத் தேட வேண்டியிருக்கும். அப்படி யாரும் செய்வதில்லை. இரண்டு வருடமாக அசையாமல் நிற்கும் வண்டியையும் பல தெருக்களில் யாரும் தொடுவதில்லை. எந்த வண்டி போகும், எந்த வண்டி நிற்கும் என்பதைச் சட்டத்தைவிட அந்தந்த நேரத்து நடவடிக்கையே தீர்மானிக்கிறது. வி.ஐ.பி. வருகை, மழைக்கு முந்தைய வடிகால் வேலை, டெங்கு சீசன் என்று ஏதாவது வந்தால்தான் தெரு சுத்தமாகிறது.

127-வது பிரிவில் பலரும் கவனிக்காத ஒரு நிபந்தனை உண்டு. அகற்ற உத்தரவிட வேண்டியவர் அந்த எல்லைக்கு உட்பட்ட, சீருடை அணிந்த காவல் அதிகாரி. டோயிங் வண்டியில் தொங்கிக்கொண்டு வரும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு அந்த அதிகாரம் கிடையாது. பெங்களூருவில் இந்த எல்லை மீறப்படுவதாகப் புகார்கள் குவிந்து, மக்கள் கோபம் முற்றி, 2022 பிப்ரவரியில் வண்டிகளை இழுத்துச் செல்வதையே அரசு நிறுத்திவைக்க வேண்டி வந்தது. ஒரு நகரமே டோயிங்கை வெறுக்கும் நிலை வந்தால் நஷ்டம் எல்லோருக்கும்தான். ஆம்புலன்ஸ் போக வழி வேண்டும் என்பதும் நியாயமான கோரிக்கை அல்லவா?

பெட்டிச் செய்தி: சட்டம் வைத்திருக்கும் கெடு

பொது இடத்தில் நிற்கும் வண்டியை அகற்ற: 10 மணி நேரம், ஆபத்தாக நின்றால் உடனே.

போக்குவரத்துக்கு இடையூறாக நிறுத்தினால் (பிரிவு 201): 2019 திருத்தத்துக்குப் பிறகு ரூ.500 வரை அபராதம், அகற்றும் செலவு தனி. விபத்தில் சிக்கிய வண்டிக்கு ஆய்வு முடிந்த பிறகே இந்தக் கணக்கு தொடங்கும்.

வழக்கில் பிடிபட்ட பொருளை நீதிமன்றம் பட்டியலிட: 14 நாள். படமெடுத்த பிறகு அதை ஒப்படைக்கவோ அப்புறப்படுத்தவோ உத்தரவிட: 30 நாள்.

உரிமையாளர் யாரென்று தெரியாவிட்டால் அறிவிப்புக்குப் பிறகு காத்திருக்க: 6 மாதம்.

விட்டுப் போனவர்கள் யார்?

சும்மா விட்டுவிட்டுப் போகிறவர்கள் குறைவு. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு கணக்கு இருக்கிறது. தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டு. அதன் பிறகு ஐந்தைந்து ஆண்டாகப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் ரூ.600-லிருந்து ரூ.5,000 ஆனது, பைக்குக்கு ரூ.300-லிருந்து ரூ.1,000. இதோடு எஃப்.சி.க்கான ரிப்பேர், பசுமை வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்ந்தால் வண்டியின் விலையைத் தாண்டிவிடுகிறது. அது அப்படியே வீட்டு வாசலில் நின்றுவிடுகிறது. சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் மழையிலும் இன்ஜினுக்குள் தண்ணீர் போன கார்கள் இன்னொரு வகை. ரிப்பேர் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவார்கள். வெறும் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் வைத்திருந்தவருக்கு அந்தப் பணமும் இல்லை. பிறகு அப்பா இறந்து, ஆர்.சி. அவர் பெயரிலேயே இருக்க, வாரிசுகள் ஆளுக்கொரு ஊரில் இருக்கும் வீடுகள்.

நின்ற வண்டி சும்மா நிற்பதில்லை. டிக்கியிலும் கழற்றிப் போட்ட டயரிலும் தேங்கும் நல்ல தண்ணீரில்தான் ஏடிஸ் கொசு முட்டையிடுகிறது. மாநகராட்சி சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுத் தொட்டியில் மருந்து ஊற்றிவிட்டுப் போகிற அதே தெருவில், பூட்டிய காருக்குள் அவர்களால் கை வைக்க முடியாது. அது யாரோ ஒருவரின் சொத்து.

ஸ்டேஷன் வாசலில் 'கேஸ் வண்டி'

தெருவில் நிற்பவை கண்ணில் படுகின்றன. காவல் நிலைய வளாகத்தில் நிற்பவை இன்னும் பெரிய துயரம். விபத்து, திருட்டு, மணல், சாராயம், கஞ்சா, ரேஷன் அரிசி என்று எதில் பிடித்தாலும் வண்டி 'வழக்குச் சொத்து' ஆகிவிடும். முதலில் பேட்டரி போகும். அப்புறம் டயர். வேப்பங்கன்று முளைத்து பானட்டைத் தூக்கும் நிலை வரும்போது வழக்கில் குற்றப்பத்திரிகைகூடத் தாக்கலாகாமல் இருக்கலாம்.

இதை உச்ச நீதிமன்றம் எப்போதோ கண்டித்துவிட்டது. சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002 அக்டோபரில் தீர்ப்பு வந்தது. பிடிபட்ட வாகனங்களை நீண்ட நாள் காவல் நிலையத்தில் வைத்திருப்பதில் எந்தப் பயனும் இல்லை, தேவையான படங்களை எடுத்துக்கொண்டு, பிணைப் பத்திரமும் உத்தரவாதமும் வாங்கிக்கொண்டு, உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள் என்றது நீதிமன்றம். உரிமையாளரும் காப்பீட்டு நிறுவனமும் வராவிட்டால் நீதிமன்ற உத்தரவோடு ஏலம் விடலாம் என்றும் வழி சொன்னது. சாட்சியத்துக்குப் படமும் பட்டியலும் போதும், இரும்பு துருப்பிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் அதன் சாரம்.

எட்டு ஆண்டு கழித்து, 2010-இல், பொதுக் காப்பீட்டு மன்றம் தொடுத்த வழக்கில் அதே நீதிமன்றம் அதே விஷயத்தை மறுபடி பேச வேண்டி வந்தது. அந்த வழக்கு ஒரு முக்கியமான முடிச்சை அவிழ்த்தது. உங்கள் பைக் திருடு போகிறது. புகார் கொடுக்கிறீர்கள். இன்சூரன்ஸ் பணம் வருகிறது, வேறு வண்டி வாங்கிவிடுகிறீர்கள். ஆறு மாதம் கழித்து வேறொரு மாவட்டத்தில் அந்த பைக் பிடிபடுகிறது. இப்போது அது உங்களுடையது அல்ல, பணம் கொடுத்த நிறுவனத்துடையது. ஆனால் வண்டி கிடைத்த செய்தி அந்த நிறுவனத்துக்குப் போவதில்லை. போலீஸ் தேடுவது உங்களை, உங்களுக்கோ அந்த வண்டி வேண்டாம். இப்படித்தான் நல்ல நிலையில் மீட்கப்பட்ட வண்டி 'உரிமை கோரப்படாத' வண்டியாகிறது. மீட்கப்பட்ட தகவல் கிடைத்ததும் காப்பீட்டு நிறுவனம் தனியாக மனுப் போடலாம், சாதாரணமாக 30 நாளுக்குள் விடுவிக்க வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா இந்தத் தீர்ப்புகளின் கருத்தைச் சட்டத்துக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டது. 497-வது பிரிவு 14 நாளில் பட்டியல், அப்புறம் படம் அல்லது வீடியோ, அடுத்த 30 நாளில் உத்தரவு என்கிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இப்படி எண்ணிச் சொன்ன கெடு இல்லை. இது உண்மையிலேயே பெரிய முன்னேற்றம்.

அப்படியும் ஏன் வண்டி நிற்கிறது? பிடித்த வண்டியை விடுவிப்பது யாருக்கும் அவசரமில்லை. நிலைய எழுத்தருக்கு அது பதிவேட்டில் ஒரு வரி. நீதிமன்றத்துக்கு நூறு மனுக்களில் ஒன்று. அவசரம் ஒருவருக்குத்தான். அவர் தினக்கூலி. வண்டி இல்லாமல் வேலைக்குப் போக முடியாதவர். வக்கீல் கட்டணம், ஜாமீன்தாரர், ஒரு நாள் கூலி இழப்பு என்று கூட்டிப் பார்த்து, பழைய எக்ஸெல் வண்டிக்கு இவ்வளவா என்று விட்டுவிடுகிறார். விலை குறைந்த வண்டி வைத்திருப்பவர்தான் உரிமையை முதலில் இழக்கிறார். வளாகங்களில் சொகுசு கார்களைவிட மொபெட்டுகள் அதிகம் நிற்பதன் காரணம் இதுதான் என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஓட்டியவர் செய்த குற்றம், உரிமையாளரின் நஷ்டம்

வாடகைக்கு விட்ட வண்டியில் ஓட்டுநர் கஞ்சா கடத்தினால்? போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 60-வது பிரிவு வண்டியைப் பறிமுதல் செய்ய வழி செய்கிறது. தனக்குத் தெரியாமல், தன் உடந்தை இல்லாமல், எச்சரிக்கையாக இருந்தும் நடந்துவிட்டது என்று உரிமையாளர் நிரூபித்தால் தப்பலாம். ஆனால் வழக்கு முடியும்வரை வண்டியை இடைக்காலமாகக்கூடத் தர முடியாது என்று பல நீதிமன்றங்கள் சொல்லிவந்தன. 2025 ஜனவரியில் அசாமைச் சேர்ந்த பிஸ்வஜித் தே வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் குழப்பத்தை நீக்கியது. இடைக்கால விடுவிப்புக்கு அந்தச் சட்டத்தில் தடை இல்லை என்றது. தவணையில் லாரி வாங்கி அதையே நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு இது உயிர்மூச்சான தீர்ப்பு.

ரேஷன் அரிசி கடத்தலில் சிக்கும் வண்டிகளுக்கு வேறு கதை. அத்தியாவசியப் பண்டங்கள் சட்டத்தின் கீழ் பறிமுதல் செய்வது மாவட்ட ஆட்சியர். வாடகைக்கு ஓடும் வண்டியாக இருந்தால், பறிமுதலுக்குப் பதிலாக, பிடிபட்ட பண்டத்தின் சந்தை விலைக்கு மேற்போகாத அபராதத்தைக் கட்டி மீட்கும் வாய்ப்பை உரிமையாளருக்குத் தர வேண்டும் என்று 6-ஏ பிரிவிலேயே இருக்கிறது. கேட்டால்தான் கிடைக்கும். கேட்கத் தெரிந்தவர்கள் குறைவு.

ஜூனாகத் லாரிகள்

காவலில் இருக்கும்போது வண்டி கெட்டுப்போனால் யார் பொறுப்பு? 1967-ஆம் ஆண்டிலேயே பதில் இருக்கிறது. ஜூனாகத் சமஸ்தானச் சுங்க அதிகாரிகள் ஒரு வியாபாரியின் இரண்டு லாரிகளையும் ஒரு ஸ்டேஷன் வேகனையும் கடத்தலுக்குப் பயன்பட்டதாகச் சொல்லிப் பிடித்தார்கள். அவர் மேல்முறையீடு செய்தார். அது நிலுவையில் இருக்கும்போதே வண்டிகள் வெட்டவெளியில் கேட்பாரற்றுக் கிடந்தன. உதிரிபாகங்கள் களவு போயின, மிஞ்சியது எலும்புக்கூடு. கடைசியில் மாஜிஸ்திரேட்டின் உத்தரவு பெற்று 'உரிமை கோரப்படாத சொத்து' என்று விற்றும் விட்டார்கள். உரிமையாளர் மேல்முறையீட்டில் வாதாடிக்கொண்டிருந்த அதே வண்டிகள்! பிறகு பறிமுதல் ரத்தானது. திருப்பித் தர வண்டி இல்லை.

குஜராத் அரசு உச்ச நீதிமன்றம்வரை வந்து, ஒப்பந்தம் ஏதும் இல்லாததால் எங்களுக்குப் பொறுப்பில்லை என்று வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. பிறர் பொருளைக் காவலில் எடுத்த அரசு, அதை நியாயமான கவனத்தோடு பாதுகாக்கக் கடமைப்பட்டது. திருப்பித் தர வேண்டிய நிலை வரலாம் என்று தெரிந்தே அது எடுக்கிறது. தர முடியாவிட்டால் மதிப்பைத் தர வேண்டும் என்பது தீர்ப்பு. பத்தாண்டு கழித்து, 1977-இல், பசவ்வா என்ற பெண்ணின் வழக்கிலும் இதே கொள்கை உறுதியானது. அவருடைய திருடுபோன நகைகள் மீட்கப்பட்டு, காவல் நிலையத்திலேயே மறுபடி காணாமல் போயிருந்தன. மதிப்பைக் கொடுக்கச் சொன்னது நீதிமன்றம்.

பிடிபட்ட வண்டியில் பேட்டரியும் ஸ்டெப்னியும் காணாமல் போனதைப் பார்த்துத் தலையிலடித்துக்கொண்டு திரும்புகிற ஒவ்வொருவரும் இந்த இரண்டு தீர்ப்புகளையும் அறிந்திருக்க வேண்டும்.

பெட்டிச் செய்தி: வண்டி பிடிபட்டால்

என்ன பிரிவில் பிடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள். நோ பார்க்கிங் என்றால் அபராதமும் இழுத்த செலவும் கட்டி, ரசீது வாங்கி எடுத்து வரலாம். நீதிமன்றம் தேவையில்லை.

பர்மிட், ஆர்.சி., லைசென்ஸ் இல்லாததால் (மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 207) நிறுத்திவைத்தால், உரிய ஆவணங்களோடு போக்குவரத்து அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும். லைசென்ஸ், பர்மிட் சிக்கல்களில் வண்டியை வைத்துக்கொள்வதற்குப் பதில் ஆர்.சி.யை மட்டும் வாங்கி ஒப்புகை தரவும் அதே பிரிவு அதிகாரிக்கு இடம் கொடுக்கிறது.

எஃப்.ஐ.ஆர். போட்டிருந்தால் குற்றவியல் நடுவர் நீதிமன்றத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 497 அல்லது 503-வது பிரிவில் மனு. ஆர்.சி., இன்சூரன்ஸ், ஆதார் நகல், ஜாமீன்தாரர் தயாராக இருக்கட்டும்.

வண்டியை ஒப்படைக்கும்போதும் எடுக்கும்போதும் ஓடோமீட்டர், டயர், பேட்டரி, சேஸிஸ் நம்பர் எல்லாவற்றையும் போனில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

தவணை பாக்கிக்காக நிதி நிறுவனத்தின் ஆட்கள் மடக்கிப் பிடித்தால்: பலவந்தம் கூடாது, சட்டப்படிதான் மீட்க வேண்டும் என்று 2007, 2011 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம்.

விற்றவர் தலையில் விழும் பாரம்

உரிமை என்று பேசும்போது கடமையையும் பேச வேண்டும். பழைய வண்டியை விற்று, ஆர்.சி.யையும் கையெழுத்துப் போட்ட ஃபாரங்களையும் கொடுத்துவிட்டு, 'அவரே பேர் மாத்திக்குவார்' என்று வருவது நம் ஊரில் சாதாரணம். அந்த வண்டி தெருவில் கைவிடப்பட்டால் இழுத்த செலவு கேட்டு வரும் நோட்டீஸ் உங்களுக்குத்தான். அது விபத்து செய்தால் இன்னும் மோசம். நவீன் குமார் வழக்கில் கார் பதிவு மாறாமலே அடுத்தடுத்துப் பல கைகளுக்குப் போயிருந்தது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், இழப்பீடு தர வேண்டியவரும் அவரே என்றது. விபத்தில் பாதிக்கப்பட்டவர் ஒவ்வொரு கையாகத் தேடி அலைய முடியாது என்ற நியாயம் அதில் இருக்கிறது. 2025 நவம்பர் 10 அன்று டெல்லி செங்கோட்டை அருகே வெடித்த காரும் கை மாறிக் கை மாறி வந்ததுதான். விசாரணை முதலில் போனது பதிவில் பெயர் இருந்தவரின் வீட்டுக்கு.

சட்டம் கேட்பது பெரிய வேலை அல்ல. மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவர் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் பெயர் மாற்ற வேண்டும். உரிமையாளர் இறந்தால் வாரிசு 30 நாளுக்குள் தகவல் சொல்லி, மூன்று மாதத்துக்குள் மாற்றிக்கொள்ள வேண்டும். 2021 முதல் ஆர்.சி.யிலேயே நாமினி பெயர் சேர்க்கலாம். அப்பாவின் காரைத் தெருவில் மக்கவிடும் வீடுகளில் பாதிப் பிரச்னை இதில் தீரும்.

ஓடாத வண்டியைக் காயலான் கடையில் தள்ளினாலும் பதிவு உங்கள் பெயரில் உயிரோடுதான் இருக்கும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-வது பிரிவின்படி ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிவை ரத்து செய்ய வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த வாகன உடைப்பு விதிகளின்படி, பதிவுபெற்ற நிலையத்தில் ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அதைக் காட்டி வாங்கும் புதிய தனியார் வாகனத்துக்கு 25 சதவீதம் வரை சாலை வரிச் சலுகை தர மத்திய விதி இடம் தருகிறது. போலீஸ் ஏலம் விடும் வண்டிகளையும் இந்த நிலையங்கள் எடுத்து முறையாக உடைக்கலாம். அப்படிச் செய்தால் ஏலத்தில் போன சேஸிஸ் நம்பர் திருட்டு வண்டிக்கு முகமூடியாகும் ஆபத்தும் குறையும்.

முடியாத வேலையா?

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தபோது தமிழகக் காவல் துறை லட்சக்கணக்கில் வாகனங்களைப் பிடித்தது. நிலைய வாசல்கள் நிரம்பி, பள்ளி மைதானங்கள்வரை வண்டிகள் நின்றன. ஏப்ரலிலேயே திருப்பிக் கொடுக்கும் வேலை தொடங்கியது. பிடித்த வரிசைப்படி நேரம் ஒதுக்கி, உரிமையாளர்களுக்குத் தகவல் சொல்லி, பெருங்கூட்டம் சேராமல் கொடுத்தார்கள். நெருக்கடியில் செய்ய முடிந்தது என்றால், சாதாரண நாளிலும் முடியும்.

இன்றைக்கு நாட்டின் பெரும்பாலான வாகனங்களின் விவரம் 'வாகன்' தரவுத்தளத்தில் இருக்கிறது. இன்ஜின் நம்பர், சேஸிஸ் நம்பர், கடன் கொடுத்த வங்கி, காப்பீட்டு நிறுவனம், பெரும்பாலும் உரிமையாளரின் செல்போன் எண்ணும்கூட. சிக்னல் மீறினால் அபராதச் செய்தி போன் தேடி வருவது இதை வைத்துத்தான். அதே எண்ணுக்கு, 'உங்கள் வண்டி இந்தக் காவல் நிலையத்தில் இருக்கிறது, இந்தத் தேதிக்குள் மனுக் கொடுங்கள்' என்று ஒரு செய்தி அனுப்பத் தனிச் சட்டம் எதுவும் வேண்டியதில்லை. காப்பீட்டு நிறுவனத்துக்கும் வங்கிக்கும் ஒரு நகல். ஒவ்வொரு மாவட்டக் காவல் துறையும் தன் வளாகங்களில் நிற்கும் வண்டிகளின் பட்டியலை மாதம் ஒருமுறை இணையத்தில் போட வேண்டும். அதன் பிறகு ஆறு மாதம் யாரும் வராவிட்டால் தாராளமாக ஏலம் விடட்டும். ஏலத்துக்கு முன் அந்தச் செய்தி போனதா என்று நீதிமன்றமும் கேட்கட்டும்.